சின்னக் குளம்பு

மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டுமானால் முதலில் அதைக் கீழே சாய்க்க வேண்டும். கயிற்றை உடம்பில் சுற்றி, இழுக்கிற விதத்தில் இழுத்தால் எவ்வளவு பெரிய காங்கேயம் காளையும் கால் மடங்கிப் படுத்துவிடும். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, காலுக்கு இரண்டு வில்லை வீதம் எட்டு வில்லை அடித்து அவிழ்த்துவிட்டால் எழுந்து நடக்கும். என் அப்பா அதைத்தான் செய்தார். கோபியிலும் அந்தியூரிலும் சந்தை கூடுகிற நாளில் புளியமரத்தடியில் உட்கார்ந்தாரென்றால் பொழுது சாய்கிறவரை நிமிர நேரம் இருக்காது. டிராக்டரும் டெம்போவும் வந்து அந்த மரத்தடியைக் காலி செய்தன. அதற்காகப் புலம்ப எனக்கு ஒன்றும் இல்லை. பாரம் இழுத்த மாடுகளைக் கேட்டால் அவையும் புலம்பாது.

குதிரையை அப்படிச் சாய்த்து வேலை செய்வதில்லை. நின்றபடியே அது தன் காலை நம் கையில் தர வேண்டும். ஆள் பலம், கயிற்று பலம் எதுவும் அங்கே எடுபடாது. அப்பாவிடம் கற்ற சாய்ப்பு வித்தை ஒன்றும் உதவாத தொழில் அது என்று தெரிந்துதான் பழனிக்குப் போனேன். அடிவாரத்தில் ஜட்கா வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலம். அங்கே லாடம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாயிடம் சேர்ந்தேன். கொஞ்ச காலத்துக்கு அவர் என் கையில் கத்தியே தரவில்லை. வண்டி வரும்போதும் போகும்போதும் குதிரை கால் வைப்பதைப் பார்க்கச் சொன்னார்.

"கை வைக்கறதுக்கு முன்னாடி கண்ணு வைடா தம்பி. எந்தக் காலைத் தரையில வச்சதும் அவசரமா எடுக்குதோ, வலி அங்கதான்."

வலிக்கிற காலில் குதிரை அதிக நேரம் நிற்காது. பாரத்தை அடுத்த காலுக்கு மாற்றிவிடும். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். இதைக் காதாலும் பிடிக்கலாம். தார் ரோட்டில் நாலு குளம்புச் சத்தமும் ஒரே அளவாக விழுகிறதா என்று பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டிக்காரர் சொல்வதை அவர் கடைசியாகத்தான் கேட்பார்.

இன்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் வண்டிக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். ரேக்ளாப் பந்தயம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் சவாரி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீதிப் பேர் எல்லாம் பண்ணை வீட்டுக்காரர்கள், ரிசார்ட்டுக்காரர்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இடுப்பு உயரம்கூட வராத குட்டைக் குதிரை. குழந்தைகளுக்காக வாங்குகிறார்கள், போட்டோவுக்காக வாங்குகிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காகவும் வாங்குகிறார்கள்.

இந்தக் குட்டைகளில் பல ரகம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் குளிரிலும் காற்றிலும் உருவான ஷெட்லாந்து மட்டக்குதிரை 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 1842இல் வந்த சட்டம் பெண்களையும் சிறு பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் வேலை செய்யவிடாமல் தடுத்தது. அதன் பிறகு வண்டி இழுக்க இந்தக் குதிரைகளை ஏராளமாக உள்ளே இறக்கினார்கள். அர்ஜென்டினாவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து வளர்த்தது ஃபலபெல்லா. அமெரிக்காவில் மினியேச்சர் குதிரைகளுக்கென்று 1978இல் சங்கம் வைத்து, 34 அங்குலத்துக்கு மேல் போனால் பதிவு கிடையாது என்றார்கள். அளப்பதும் தோள்மேட்டில் இல்லை, பிடரி மயிர் முடிகிற இடத்தில்.

நம்மூரில் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகளைப் பார்க்கவே கூட்டம் அள்ளும். அங்கே 'மினியேச்சர்' என்றும் 'ஃபலபெல்லா' என்றும் பெயர் சொல்லிக் கைமாறுகிற குட்டைகளில் பல, என் கண்ணுக்கு நாட்டு மட்டக்குதிரைதான். சில, வளர்ச்சி முடியாத குட்டிகள். பல்லைப் பார்க்காமல் காசு கொடுத்துவிட்டு, அடுத்த ஆடிக்குள் குதிரை அரை அடி வளர்ந்துவிட்டது என்று என்னிடம் வருத்தப்படுவார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வாங்கியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்:

"ஏனுங்ணா, இத்தினிக்கூண்டு குதிரை, வண்டி இழுக்கறதில்ல, சவாரி போறதில்ல. இதுக்கு எதுக்குங் குளம்பு வெட்டறதெல்லாம்?"

வண்டி இழுக்காததால்தான் வெட்ட வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கரட்டிலும் காட்டிலும் நாளெல்லாம் மேய்ந்து நடக்கிற குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் சரியாகப் போகும். பண்ணை வீட்டுப் புல்தரையில் அதற்குத் தேய என்ன இருக்கிறது? இதில் சின்னக் குதிரைக்கு இன்னொரு கணக்கு உண்டு. உடம்பு பாதி என்பதற்காகக் குளம்பு பாதி வேகத்தில் வளர்வதில்லை. கிண்டி ரேஸ் குதிரையின் குளம்பு முன்பக்கம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளம். அதில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் எட்டில் ஒரு பங்கு. மினியேச்சரின் குளம்பே நாலு ஐந்து சென்டிமீட்டர்தான். அதில் அதே ஒரு சென்டிமீட்டர் கூடினால் ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டது என்று அர்த்தம். பெரிய குதிரைக்கு ஒரு தவணை தள்ளிப்போனால் சமாளித்துக்கொள்ளும். சின்னதுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆறு வாரம், மிஞ்சிப்போனால் எட்டு வாரம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பார்த்த குதிரையைச் சொல்ல வேண்டும். வெள்ளையில் பழுப்புத் திட்டு, 36 அங்குலம் இருக்கும். நாலு குளம்பும் முன்னால் நீண்டு, நுனி மேலே சுருண்டு, குதிகாலால் நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. கொட்டகையில் ஃபேன் போட்டிருந்தார், கொசுவலை கட்டியிருந்தார். வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் குளம்பை மட்டும் யாரும் தொடவில்லை. சுருண்ட நுனியை மட்டும் மரம் அறுக்கிற ரம்பத்தால் அறுத்துவிடலாமா என்று கேட்டார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

நுனியை அறுத்தால் பார்வைக்குச் சரியாகிவிடும், வலி போகாது. கண்ணுக்குத் தெரிகிற நீளம் முன்னால் இருந்தாலும் கோளாறு பின்னால் இருக்கிறது. நடை கெட்ட சின்னக் குதிரைக்குக் குதிகால் ஏறிக்கொண்டே போகும், அல்லது மடிந்து முன்னோக்கிப் படுக்கும். நுனியை மட்டும் எடுத்தால் குதிகால் உயர்ந்து, குதிரை விரல் நுனியில் நிற்கிற நிலை வரும். குதிகாலை ஒரேயடியாக இறக்கினாலும் ஆபத்து. குளம்புக்குள்ளிருக்கும் எலும்பின் பின்பக்கத்தில் ஒரு தசைநார் பிடித்திருக்கிறது. மாதக்கணக்கில் உயரத்துக்குப் பழகிய நாரை ஒரே நாளில் இழுத்தால் அது தாங்காது. அதனால் முதல் நாள் பாதி வேலைதான். கால்நடை மருத்துவரை வரவைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு, உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் நிற்கிறதென்று பார்த்தபின், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். தோட்டக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. 'ஒரே தடவையில முடிச்சிருங்களேன்' என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். மயிர் முடிந்து குளம்பு தொடங்குகிற வரம்பிலிருந்து புதுக் குளம்பு சரியான கோணத்தில் இறங்கி வருவது அவர் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய குதிரையின் முன்னங்காலை என் இரண்டு தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து நிற்பேன். சின்னக் குதிரையிடம் அப்படிச் செய்தால் அதன் தோள்மூட்டு திருகிக்கொள்ளும். அதன் கால் எவ்வளவு உயரம் வலியில்லாமல் வருமோ அவ்வளவுதான் தூக்க வேண்டும். முன்னங்காலை அதன் முழங்கால் மட்டத்துக்குக் கீழேயே வைக்கிறேன். பின்னங்காலைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எடுப்பதில்லை. பக்கவாட்டில் இழுப்பதே கூடாது. வயிற்றுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். மினியேச்சர்களில் பலவற்றுக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு இடம் விட்டு நழுவுகிற கோளாறு உண்டு, அதை வெளிப்பக்கம் இழுத்தால் கத்தாமல் என்ன செய்யும்? 'முரண்டு பிடிக்குது, உதைக்குது' என்று சொல்லி எனக்குக் காட்டப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை, முன்பு யாரோ காலை உயரத் தூக்கிப் பழகியவை. தாழ்த்திப் பிடித்தால் அடங்கிவிடும்.

அது தாழ, நானும் தாழ வேண்டியிருக்கிறது. குந்தி உட்காரக் கூடாது. உதை வந்தால் விலக முடியாது. ஒரு முழங்காலை மடக்கிச் சாக்கில் ஊன்றி, மறு பாதத்தைத் தரையில் பதித்து எழத் தயாராக இருப்பேன். களத்தில் மூட்டை ஏற்றுகிற சிமெண்ட் மேடை இருக்கிற தோட்டமாக இருந்தால் யோகம். குதிரையைச் சரிவு வழியாக மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு நான் கீழே நின்று வேலை செய்வேன். இடுப்புக்கு அது பெரிய உபகாரம்.

கருவிகள் நாலைந்துதான். மண்ணும் சாணியும் எடுக்கக் கொக்கி, வளைகத்தி, குறடு, அரம். பெரிய குதிரைக்கு வைத்திருக்கும் குறட்டை இதற்குக் கொண்டுபோகக் கூடாது. அதன் வாய்க்கு இந்தக் குளம்பு ஒரு கடிதான். சிறிய குறடு, பாதி தேய்ந்த அரம். புது அரம் ஒரு இழுப்பில் எடுத்துவிடுகிற அளவு இந்தக் குளம்புக்கு அதிகம். குளம்பை எடுத்ததும் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கொக்கியை ஓட்டிச் சுத்தம் செய்வேன். நடுவில் முக்கோணமாக மெத்தையாக இருப்பதைப் பாய் புத்லி என்பார். அது தரையைத் தொட வேண்டும், அழுத்தப்பட வேண்டும். குதிரை அடியெடுத்து வைக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. அழகுக்காக அதை மழமழவென்று செதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொங்குகிற கிழிசலையும் அழுக்கு தங்குகிற மடிப்பையும் மட்டும் எடுத்துவிட்டு அதை விட்டுவிட வேண்டும்.

பிறகு உள்ளடி. செத்த அடி சுண்ணாம்பாக உதிரும். கத்தி பட்டாலே வந்துவிடும். அதற்குக் கீழே மெழுகுப் பளபளப்போடு உயிருள்ள அடி தெரியும். கத்திக்கு அங்கே வேலை முடிந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அடி அமுங்குகிறதென்றால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டது. ரோஸ் நிறம் தெரிந்தால் இன்னும் மோசம். அடிக்கும் குளம்புச் சுவருக்கும் இடையில் ஓடுகிற வெள்ளைக்கோடுதான் வழிகாட்டி. அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிற சுவரை, அடி மட்டத்துக்குச் சற்று மேலே விட்டு, குறட்டால் கடித்து எடுக்க வேண்டும். அரத்தை இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரி ஓட்டி, கடைசியில் விளிம்பைச் சற்று உருட்டிவிட்டால் சுவர் சில்லு பெயராது. காலைக் கீழே விட்டு, பக்கவாட்டில் போய் நின்று பார்க்க வேண்டும். குளம்பின் முன்பக்கச் சாய்வும் அதற்கு மேலே உள்ள கணுவின் சாய்வும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். எல்லாக் குதிரைக்கும் இத்தனை டிகிரி என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தந்தக் குதிரையின் கணு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். மறுபடி நடக்கவிட்டுப் பார்க்காமல் பையைக் கட்டுவதும் கிடையாது.

கோடையில் குளம்பு கல்லாக இறுகிவிடும். சித்திரை வெயிலில் கத்தி வழுக்கும், வழுக்குகிற கத்தி என் கையைத்தான் தேடி வரும். முதல் நாள் சாயங்காலமே குதிரை நிற்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வையுங்கள், அல்லது ஈரச் சாக்கைக் காலில் கட்டி வையுங்கள் என்று போனில் சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை தலைகீழ். ஈரத்திலும் சாணியிலும் நின்று நின்று புத்லியின் ஓரப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிவு வரும். நாற்றத்தை வைத்தே கொட்டகை வாசலில் நின்று சொல்லிவிடலாம். அதற்கு மருந்து முதலில் காய்ந்த தரை. அப்புறம்தான் மற்றதெல்லாம். மயில்துத்தத்தைப் பொடித்து அப்படியே அப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அழுகலோடு சேர்த்து நல்ல சதையையும் அது பொசுக்கிவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் குளம்பில் பூசுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பளபளப்பாக இருக்கிறதாம்.

குளம்புக்குள் சீழ் கட்டினால் நேற்றுவரை ஓடிய குதிரை இன்று காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்னும். எலும்பு முறிந்துவிட்டதென்று வீடே அழும். சீழ் இருக்கிற இடத்தைக் கண்டு வழி திறந்துவிட்டால் சில நாளில் நடந்துவிடும். ஆனால் அதைவிட முக்கியம் ரண ஜன்னி ஊசி. வீட்டு விலங்குகளில் அந்த நோய் எளிதில் பிடிப்பது குதிரையைத்தான். தடுப்பூசி போட்ட தேதி என்னவென்று நான் கேட்டால் முழிக்கிறவர்களின் குதிரையைத் தொடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் போடச் சொல்வேன்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைப் பயப்பட வைப்பது வேறொன்று. அது கொட்டகையில் தொடங்குவதில்லை, அடுப்படியில் தொடங்குகிறது.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு வீட்டில் பெண் குதிரை ஒன்று. அந்த வீட்டு ஆத்தா அதைத் தன் பேத்தி என்றே சொல்வார். காலையில் பொங்கல், பதினோரு மணிக்கு வெல்லம், சாயங்காலம் பிஸ்கட், வெள்ளிக்கிழமை சாமிக்குப் படைத்த பாயசத்தில் ஒரு பங்கு. கொள்ளும் தவிடும் கணக்கில் சேராது. கழுத்தின் மேல்பக்கம் கொழுப்பு கட்டித் தடித்திருந்தது. நான் போனபோது அது முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு, சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. கணுமூட்டுக்குப் பின்பக்கம் இரண்டு பக்கத்திலும் விரலை வைத்தால் நாடி துள்ளியது. குளம்பு சுட்டது.

"பிள்ளைக்கு மூட்டுவலிங்களா, சாமி?" என்றார் ஆத்தா.

"இல்லைங் ஆத்தா. சர்க்கரை."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கே சர்க்கரை இருந்தது. அன்று என் கத்தியை நான் வெளியே எடுக்கவில்லை.

குளம்புச் சுவரின் உட்புறத்திலும் உள்ளே இருக்கும் எலும்பின் மேற்புறத்திலும் மெல்லிய இதழ்கள் வரிசையாக உண்டு. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எப்படிக் கவ்வி நிற்குமோ அப்படி அவை கவ்விக்கொண்டிருக்கின்றன. குதிரையின் முழு எடையும் அந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சி இன்சுலின் ஏறினால் அந்த இதழ்கள் வீங்கிப் பிடிப்பு தளரும். மேலிருந்து எடை அழுத்த, பின்னாலிருந்து தசைநார் இழுக்க, எலும்பு திரும்பி அடியைக் குத்திக்கொண்டு இறங்கத் தொடங்கும். இதற்கு லாமினைடிஸ் என்று பெயர். கொழுத்த சின்னக் குதிரைகளுக்கு இது மிகவும் சகஜம். குளிர்த் தீவுகளில் வாடிய புல்லைத் தின்று பிழைத்த வம்சம். கொஞ்சம் தின்றாலும் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். ஐஸ் கலந்த தண்ணீரில் கால்களை நிறுத்தி வைத்தோம். அது முதல் ஓரிரு நாளில் செய்தால்தான் பலன். தரையில் மணல் கொட்டினோம். நடக்க வைக்கவில்லை. ஆத்தா பயத்தில் ஒரேயடியாகத் தீனியை நிறுத்தப்போனார். அதையும் தடுக்க வேண்டியிருந்தது. கொழுத்த சின்னக் குதிரையைப் பட்டினி போட்டால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலைச் சாய்த்துவிடும். அதுவும் உயிரை எடுக்கும். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, அளந்து கொடுக்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் டாக்டரின் எக்ஸ்ரேவும் என் அரமும் மாறி மாறி வேலை செய்தன. நுனியைப் பின்னுக்குக் கொண்டுவந்து, குதிகாலைப் படிப்படியாக இறக்கினோம். இப்போது நடக்கிறது. குளம்பில் அந்த வருஷத்து வளையங்கள் முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் விரிந்தும் கொஞ்ச காலம் தெரிந்தன. யாரும் சொல்லாமலேயே ஒரு குதிரையின் பழைய சமையலறைக் கணக்கை அந்த வளையங்களில் படித்துவிடலாம்.

சோறு போட்டுக் குதிரையைக் கெடுப்பது நமக்குப் பழைய வழக்கம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சாமல் போனதையும் சொல்கிறார். குதிரைப் பராமரிப்பு தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். லாடக்காரர்களை வியாபாரிகளும் கூட்டிவரவில்லை, வருகிறவர்களையும் விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்? சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். வியாபாரிகள் மீதான பழியில் எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. சோற்று விஷயத்தை நம்புகிறேன்.

லாடம் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னதாகாது. ஊட்டிச் சரிவில் ஆள் ஏற்றி நாளெல்லாம் தார் ரோட்டில் நடக்கிற மட்டக்குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். அதற்கு லாடம் வேண்டும். பந்தயக் குதிரைக்கும் வேண்டும். தோட்டத்தில் ஆட்டோடும் நாயோடும் சுற்றுகிற 34 அங்குலத்துக்கு எதற்கு? அதன் குளம்புச் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். ஆணி வெள்ளைக்கோட்டுக்கு வெளியே போக வேண்டும், அந்த இடைவெளியில் ஆணி போக இடமே இல்லை. இரும்பு ஏறிவிட்டால் 'இனி கவலையில்லை' என்று வெட்டுகிற தவணையையும் மறந்துவிடுவார்கள். அடியில் இரும்போடு குளம்பு நீண்டுகொண்டே போகும். நான் மறுத்துவிடுவேன். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், சின்னக் குதிரை நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரவேண்டும், வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று லாடம் கேட்டார். சத்தத்தை வீடியோ எடுக்கிறவரையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குதிரைக் குட்டிகள் கால் கோணலாகப் பிறப்பது அதிகம். கணுமூட்டுக்கு மேலே எலும்பு வளர்கிற இடம் மூன்று நாலு மாதத்துக்குள் இறுகிவிடும். அதற்குள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பக்கங்களைச் சமன் செய்துகொண்டே வந்தால் லேசான கோணல் நேராகிவிட வாய்ப்பு உண்டு. ஒரு வயதில் கூட்டிவந்து நிமிர்த்தித் தரச் சொன்னால் அது என்னால் ஆகாது. நெற்றி புடைத்து, கீழ்த்தாடை முன்னால் தள்ளி, கால் வளைந்து பிறப்பவை வேறு. அது மரபணுக் கோளாறு. இன்னும் குட்டை, இன்னும் குட்டை என்று குட்டையோடு குட்டை சேர்க்கிறவர்கள் அதை அறியாமல் பெருக்குகிறார்கள். அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் தம்பலினா என்ற குதிரை 17.5 அங்குல உயரத்தோடு கின்னஸில் ஏறியது. அதுவும் அப்படிப் பிறந்ததுதான். அதன் படத்தைக் காட்டி 'இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமாண்ணா?' என்று கேட்கிறவர்களிடம் அதன் கால்களைப் பார்க்கச் சொல்வேன்.

கூலி விஷயத்தில்தான் இன்னும் எல்லோரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பெரிய குதிரைக்கு வாங்குகிற காசைச் சின்னதுக்கும் சொன்னால் முகம் மாறும்.

"குதிரை பாதி, காசும் பாதிதானுங்ளே?"

"பெருசுக்கு நான் நின்னு செய்யறனுங். உங்களதுக்கு முட்டி போட்டுச் செய்யறேன். முட்டிக்குத்தான் அந்தக் காசு."

சிரித்துக்கொண்டே கொடுப்பவரும் உண்டு, அடுத்த முறை கூப்பிடாதவரும் உண்டு. அதனால் இப்போது ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கூப்பிட்டு, இடையில் வாரம் ஒருமுறை குதிரையின் நாலு காலையும் தொட்டுத் தூக்கிப் பழக்கி வைக்கிறவருக்குக் கூலியில் குறைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து, குளம்பு சுருண்ட பிறகு கூப்பிடுகிறவருக்கு ஒன்றரை மடங்கு. இது அநியாயம் என்று போன மாதம் ஒரு ரிசார்ட் மேனேஜர் சண்டைக்கு வந்தார். அடுத்த தேதியை அவருடைய கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.